கடைசி மணிக்குப் பிறகும் அது பள்ளிதான்

மாண்புமிகு தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பள்ளிகளுக்கான நம் விதிகளில் பெரும்பாலானவை வகுப்பு நேரத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. ஆனால் சென்னை, கோவை, திருப்பூர் போன்ற ஊர்களில் தாய், தந்தை இருவரும் வேலைக்குப் போய் வீடு திரும்ப மாலை ஆறும் ஏழும் ஆகிவிடுகிறது. அதுவரை பிள்ளைகளை வைத்துக்கொள்ள, தனியார் பள்ளிகள் பலவும் ‘டே கேர்’, ‘ஆஃப்டர் ஸ்கூல்’ என்ற பெயர்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு தனி ஏற்பாடு செய்கின்றன. அது இன்றைய குடும்பங்களுக்கு மிகவும் தேவையான சேவை. அதைக் குறை கூற இம்மடலை எழுதவில்லை. அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பிள்ளைக்கு யார் பொறுப்பு, அந்தப் பொறுப்பு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறுகிறது என்பதை எழுத்தில் உறுதிசெய்யும் தனி விதிகளைத் தங்கள் துறை கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஆபத்து பெரும்பாலும் இந்தக் கைமாறும் இடத்தில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது, வேர்க்கடலை சேராது என்பதெல்லாம் வகுப்பு ஆசிரியைக்குத் தெரியும். நான்கரை மணிக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தத் தகவலும் அவரோடு போய்விடுகிறது. மாலையில் பிள்ளைக்குச் சுண்டல் கொடுக்கும் ஆயாம்மாவை அது எட்டுவதில்லை. கராத்தே, அபாகஸ், நடனம் சொல்லித்தர வெளி நிறுவனங்களிலிருந்து பயிற்சியாளர்கள் வருகிறார்கள். ஏதாவது நடந்தால், அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர் என்று பள்ளி சொல்ல இடமிருக்கிறது. ஆறு மணிக்கு வாசலில் ஒருவர் வந்து, “பாப்பாவோட சித்தப்பா, அவங்க அம்மாதான் அனுப்பினாங்க” என்கிறார். அனுப்பலாமா, கூடாதா என்று முடிவெடுப்பவர் வாட்ச்மேன். அந்த முடிவை எடுக்க அவரிடம் ஒரு பெயர்ப் பட்டியலாவது கொடுக்கப்பட்டிருக்க வேண்டாமா?

சட்டத்தின் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள், விளையாட்டுப் பயிற்சி மையங்கள் என்று குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எல்லா நிறுவனங்களும் நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற பாகுபாடின்றி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. மாலை நேரப் பயிற்சியாளருக்கு இதிலிருந்து விலக்கு இல்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கூரை வேய்ந்த பள்ளியில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதன் தொடர்ச்சியாக நடந்த வழக்கில், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. அந்த உரிமை கடைசி மணியோடு காலாவதியாவதில்லை. பக்கக் கதவுகளைப் பூட்டிவிட்டு முன்வாசலை மட்டும் திறந்துவைத்திருக்கும் மாலை நேரத்தில், தப்பிக்கும் வழி பற்றிய கேள்வி பகலைவிடக் கூர்மையாகவே எழுகிறது.

தனி விதி எதற்கு, பொது விதிகள் போதாதா என்று கேட்கலாம். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். மோட்டார் வாகனங்களுக்கான பொது விதிகள் அப்போதும் இருக்கத்தான் செய்தன. அதன் பிறகு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. இன்று கோடை விடுமுறையில் அதிகாரிகள் ஒவ்வொரு வண்டியாக ஏறி அவசர வழி, படிக்கட்டின் உயரம், தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி என்று பார்க்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்ததால்தான் அதைப் பார்க்க முடிகிறது. ஜப்பானில் பள்ளி முடிந்த பின் பிள்ளைகளைக் கவனிக்கும் மன்றங்களுக்கு 2015 முதல் தனித் தரவரையறை நடைமுறையில் உள்ளது. ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 40 பிள்ளைகள், இரண்டு பணியாளர்கள், பிள்ளை ஒன்றுக்கு 1.65 சதுர மீட்டர் இடம் என்று அளவோடு சொல்கிறது அது.

நம் விதிகள் ஒரே பக்கத்தில் அடங்கினால் போதும். மாலைப் பொறுப்பாளர் யார் என்று பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். வகுப்பு ஆசிரியை அவரிடம் பிள்ளைகளை எண்ணி ஒப்படைக்கும்போது, உடல்நலக் குறிப்பும் கூடவே போக வேண்டும். பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடியவர்களின் பெயரும் புகைப்படமும் வாசலில் இருக்க வேண்டும். நேரமும் கையெழுத்தும் பதிவேட்டில் ஏற வேண்டும். கடைசிப் பிள்ளை போகும்வரை பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் மூடிய அறையில் ஒருவரோடு தனித்திருக்கக் கூடாது. தாமதமாகும் பெற்றோருக்காகக் காத்திருப்பதும் இந்தப் பொறுப்பில் அடங்கும். நேரமாகிவிட்டது என்று பிள்ளையை ஆட்டோவில் தனியே ஏற்றிவிடக் கூடாது. வெளி நிறுவனம் நடத்தினாலும் பொறுப்பு பள்ளியுடையதே.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது, கெடுபிடி கூடினால் பள்ளிகள் இந்தச் சேவையையே நிறுத்திவிடும் என்பது. அப்படி நடந்தால் பிள்ளை பூட்டிய வீட்டில் தனியே இருக்கும், அல்லது தாய் வேலையை விடுவார். ஆகவேதான் புதிய உரிமத்தையோ ஆய்வாளர் வருகையைக் கூட்டுவதையோ நான் கேட்கவில்லை. மேலே சொன்னவற்றில் பணம் பிடிப்பது இரண்டாவது பணியாளர் மட்டுமே. பதிவேட்டுக்கும் பட்டியலுக்கும் செலவில்லை. சிறிய பள்ளிகளுக்கு ஓராண்டு அவகாசம் தரலாம். அரசுப் பள்ளிகளிலும் இந்த ஏற்பாட்டைத் தொடங்குவதானால், ஆட்களுக்கு வெகுதூரம் தேட வேண்டாம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைத்துப் பரிமாறும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மாலையிலும் அமர்த்தலாம்.

தெரிந்தவர்கள்தானே வருகிறார்கள், இத்தனை கெடுபிடி எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் யார் மனமும் நோகாது. விதி வந்தாலும் காகிதத்தில்தான் கிடக்கும் என்பவர்களின் சலிப்பில் நியாயம் உண்டு. அதற்கு மருந்து, கண்காணிக்கும் வேலையைப் பெற்றோரிடம் கொடுப்பது. அந்த ஒரு பக்கத்தை ஒவ்வொரு பெற்றோருக்கும் தமிழில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாசலில் 1098, 14417 ஆகிய உதவி எண்களோடு ஒட்டச் செய்யுங்கள். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவும் தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகமும் மாதம் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

பேருந்து விதிகளுக்கு ஒரு சிறுமியின் உயிர் விலையானது. மாலை நேரப் பராமரிப்புக்கான விதிகளுக்கு அப்படியொரு விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் தங்கள் கையில் இருக்கிறது. வரைவு விதிகளை வெளியிட்டு, பெற்றோர், ஆசிரியர், பள்ளி நிர்வாகிகள் ஆகியோரின் கருத்தைக் கேட்டு, அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பள்ளிப் பிள்ளைகளின் நலம் நாடும் ஒருவர்