கூட்டாளி எங்கே போனான்?

ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து தம்பியின் உள்ளங்காலை நகத்தால் கீறிப் பார்க்கிறேன். "தெரியுதா?" என்றால், "தெரியல்ல நானா" என்கிறான். கண்டிக்குக் கிட்ட மடவளையில், எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறான். அவனைக் கடலுக்குள் விட்டுவிட்டுப் போனவன் நன்றாக நடந்து திரிகிறான். கரையில் நின்று எங்களை வழியனுப்பியவனும் அப்படியே.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "அல்லாஹ்ட கத்ர்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போகிறார்கள். கத்ரை நம்புகிறவன்தான் நானும். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டவன் தவக்குல் பேசினால், அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு முடியாது.

ஓகஸ்ட் லீவில் நிலாவெளிக்குப் போனோம். தம்பி சுழியோடப் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தான். அதை வைத்து 18 மீற்றர் வரை இறங்கலாம். அன்று இரண்டு தரம் இறக்கினார்கள். இரண்டாம் தரம் படகில் ஆட்களை எண்ணி, "நீயும் நீயும் கூட்டாளி" என்று விரலைச் சுட்டி ஜோடி பிரித்ததை என் கண்ணால் கண்டேன். அதோடு சரி. ஒருவன் சிலிண்டரை மற்றவன் பார்க்கவில்லை, காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவில்லை, பேரைக்கூடக் கேட்கவில்லை.

சுழியோடுகிறவன் நெஞ்சில் மஞ்சள் குழாயோடு இரண்டாவது வாய்க்கருவி ஒன்று தொங்கும். அது அவனுடைய கூட்டாளிக்கு. காற்று முடிந்தவன் கழுத்துக்குக் குறுக்கே கையை வீசிக் காட்டினால் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பிடித்தபடி, நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் போகாமல், காற்றுப் போதுமென்றால் 5 மீற்றரில் 3 நிமிடம் தரித்து மேலே வரவேண்டும். கூட்டாளியைக் காணவில்லையா, ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வந்து பார்க்க வேண்டும். தொடக்கக்காரனுக்கே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது.

தம்பியின் மானியில் ஊசி சிவப்புக்குள் விழுந்து, இழுக்க இழுக்கக் காற்று இறுகியபோது அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான். ஆள் இல்லை. ஆமை ஒன்றின் பின்னால் கெமராவோடு போயிருந்தானாம். மஞ்சள் குழாயும் அவனோடு போய்விட்டது. தம்பி மூச்சை வெளியே ஊதிக்கொண்டு நேரே மேலே வந்தான். அந்த ஆள் கால் மணித்தியாலம் கழித்துப் படகில் ஏறி ஆமைப் படத்தைக் காட்டினான்.

மன்னார்ப் பாரில் முத்துக் குளித்த காலத்தில் சிலிண்டரும் இல்லை, மானியும் இல்லை. கல்லோடு இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் ஒருவன் பிடித்திருப்பான். கயிறு அசைந்ததும் இழுப்பான். மச்சான்மார் கையில்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று சொல்லுவார்கள். கூடப் பிறந்தவள் விதவையாகட்டும் என்று எவனும் கையை விடமாட்டான் என்ற கணக்கு. என் தம்பியின் கயிறு யார் கையில் இருந்தது?

கரைக்கு வந்ததும் முழங்கால் குத்துகிறது என்றான். அங்கே பொறுப்பாக நின்றவர் தொட்டும் பார்க்கவில்லை. "பெல்ட் இறுக்கின நோவு. ரெண்டு பனடோல் குடுங்க" என்றார். சிலிண்டரில் இருப்பதை நம் ஆட்கள் ஒட்சிசன் என்பார்கள்; அது வெறும் காற்று. அந்த நேரம் தம்பிக்குக் கொடுத்திருக்க வேண்டிய உண்மையான ஒட்சிசன் அங்கே ஒரு துளியும் இல்லை. பிறகு அவரே கேட்டார்: "இரவைக்கே மடவளைக்கா? பாத்துப் போங்க."

தெரிந்தவர் கேட்ட கேள்வியா அது? ஆழத்தில் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைதரசன் அமுக்கத்தால் உடம்பில் கரைகிறது. ஆறுதலாக வந்தால் மூச்சோடு போய்விடும். அடித்துப்பிடித்து வந்தால் உள்ளேயே குமிழாகும், முள்ளந்தண்டையும் பிடிக்கும். வெளி அமுக்கம் குறையக் குறையக் குமிழ் பெருக்கும். அதனால்தான் ஒரு தரம் இறங்கினவன் 12 மணித்தியாலமும், பல தரம் இறங்கினவன் 18 மணித்தியாலமும் விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். மலை ஏறுவதும் அதே கதைதான். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம்.

திருகோணமலை டவுனுக்குள்ளால் வந்தோம். அங்கே கடற்படைத் தளத்தில் இந்த வருத்தத்துக்கென்றே அமுக்க அறை இருக்கிறது. கடலட்டையும் சங்கும் எடுக்க இறங்கி முடங்கின மீனவர்களுக்கு அங்கே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைத் தாண்டி, தம்பியின் முழங்காலுக்குச் சித்தாலேப தேய்த்துக்கொண்டு வந்தோம்.

தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினபோது கழிவறைக்குள் போனவன் வெகுநேரம் வரவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, "மூத்திரம் போகுதில்ல நானா. காலும் மரத்த மாதிரி ஈக்கிது" என்றான். களைப்பு என்று நினைத்தேன். மாத்தளை தாண்டி, பலகடுவ ஏற்றத்தில், என் மகளின் மடியில் கிடந்த சிப்ஸ் பக்கற் உப்பி இறுகியது. அவள் சிரித்துக்கொண்டு அதைத் தட்டித் தட்டி விளையாடினாள். அதே நேரம் தம்பியின் முள்ளந்தண்டுக்குள்ளும் அதுதான் நடந்திருக்கிறது. கட்டுகஸ்தோட்டைக்கு வந்தபோது அவனால் இறங்க முடியவில்லை.

கண்டியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "இன்றைக்கு எங்கே போனீர்கள்?" சொன்னதும் அவர் முகம் மாறியது. மலை ஏற்றிக் கொண்டுவந்தவனை மறுநாள் மறுபடி திருகோணமலைக்கு இறக்கினோம். அமுக்க அறைக்குப் பிறகு மூத்திரம் போனது. கால் வரவில்லை.

நியாயம் கேட்டுப் போனால் ஒரு தாளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இங்கிலீஷில் பொடி எழுத்து, கீழே தம்பியின் கையெழுத்து: எது நடந்தாலும் அவன் பொறுப்பாம். கடலுக்குத்தானே அவன் கையெழுத்து வைத்தான்? கூட்டாளி விட்டுப்போவதற்கும், நோவென்று சொன்னவனைப் பனடோலோடு மலைக்கு அனுப்புவதற்கும் எந்தத் தாளில் கையெழுத்து வைத்தான்?

பிள்ளைகளை நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் அனுப்புகிற உம்மா வாப்பாமாரே, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். சுழியோடினால் அன்றிரவு அங்கேயே தங்கட்டும். மூட்டுக் குத்தினாலோ கைகால் மரத்தாலோ ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். மட்டமாகப் படுக்க வைத்து, கிட்டின ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒட்சிசன் கேளுங்கள். வாசலிலேயே, முதல் வார்த்தையாக, "இவன் சுழியோடினவன்" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையை நான் ஒரு மலையளவு பிந்தி, கண்டிக்கு வந்துதான் சொன்னேன்.