டிஏபிக்காக நடவு காத்திருக்கலாமா?

சம்பா நடவு தொடங்கிவிட்டால் கூட்டுறவு சங்க வாசலில் கேட்கும் முதல் கேள்வி, 'டிஏபி வந்துவிட்டதா?' என்பதுதான். அதற்கான பதில் சங்கச் செயலாளரிடம் இல்லை. கடல் கடந்து வரும் கப்பலில் இருக்கிறது.

நமக்குத் தேவையான டிஏபியில் பெரும்பகுதி இறக்குமதி. உள்நாட்டு ஆலைகளும் பாஸ்பேட் பாறை, பாஸ்பாரிக் அமிலத்துக்கு வெளிநாடுகளையே நம்பியுள்ளன. 2021ல் சீனா உர ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2022ல் உக்ரைன் போர் மூண்டது. உலகச் சந்தையில் விலை எகிறியது. மத்திய அரசு மானியத்தை உயர்த்தி விவசாயியைக் காத்தது. ஆனால், மானியத்தால் வராத கப்பலை வரவழைக்க முடியாது.

2025 ஜூலையில் சவுதி அரேபியாவின் மாடன் நிறுவனத்துடன், ஆண்டுக்கு 31 லட்சம் டன் வீதம் 5 ஆண்டுகளுக்கு டிஏபி வாங்க இந்திய நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்தன. நல்ல முடிவு. ஆனால் மேலே ஒப்பந்தம் போட்டால் மட்டும் போதாது. கீழே தேவைக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். போன ஆண்டு விற்ற மூட்டைகளைப் பார்த்து அல்ல, மண்வள அட்டையைப் பார்த்து, குறுவை அறுவடைக்கு முன்பே ஒவ்வொரு சங்கமும் கிராமத்தின் தேவையைத் தொகுத்து அனுப்ப வேண்டும்.

விவசாயிகளும் ஒரே உரத்தை நம்பியிருப்பதை விட வேண்டும். மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து. ஒரு மூட்டை டிஏபியிலேயே 23 கிலோ இருக்கிறது. இரண்டாவது மூட்டை வீண் செலவு.

டிஏபி கிடைக்காவிட்டால், ஒரு மூட்டைக்கு ஈடாக 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 20 கிலோ யூரியாவும் இடலாம். கந்தகச் சத்து கூடுதலாகக் கிடைக்கும். சூப்பர் பாஸ்பேட் உள்நாட்டிலேயே தயாராகிறது. அதற்கான பாறையில் ஒரு பகுதி ராஜஸ்தானில் வெட்டி எடுக்கப்படுகிறது.

மூன்று மூட்டை சுமக்கும் கூலி கூடுதல்தான். டிஏபிக்குக் காத்திருந்து, நாற்று முதிர்ந்து மகசூலை இழப்பதைவிட அது சிறிய செலவு. வேளாண் உதவி அலுவலர்கள் இந்தக் கணக்கைச் சங்க வாசல் பலகையில் எழுதி வைத்தாலே பாதி வரிசை கலைந்துவிடும்.

பயிர் கேட்பது மணிச்சத்தை. மூட்டையின் பெயரை அல்ல.