ஏழாம் நாள் ரத்தம்

பி.காம் படிக்கிறவனுக்கு ரத்தத்தைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான் :-)

போன மாசம் எங்க காலேஜ்ல ஸ்டெம் செல் தானத்துக்குப் பேர் பதியற முகாம் நடந்துச்சு. கன்னத்துக்குள்ள பஞ்சுக் குச்சியால தேய்ச்சு எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான் வேலை. ரூமுக்கு வந்தப்புறம்தான் ஒரு கேள்வி குடைய ஆரம்பிச்சுது. என்னோட செல் யாருக்காவது போனா, அது அவரைக் காப்பாத்துமா, படுத்தி எடுக்குமா?

ரெண்டுமே நடக்கலாமாம். நாம குடுக்கற வெள்ளையணுக்களுக்கு நோயாளியோட உடம்பு அந்நியமாத் தெரிஞ்சா, அதையே தாக்க ஆரம்பிச்சுடும். இதுக்கு ஜிவிஹெச்டின்னு பேர். தோல்ல தடிப்பு, மஞ்சள் காமாலை, நிக்காத வயித்துப்போக்குன்னு வரும். குடலைக் கடுமையாத் தாக்கினா உயிருக்கே ஆபத்து.

அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே இதை மோப்பம் பிடிக்க ரெண்டு புரதம் உதவுது: எஸ்டி2, ரெக்3 ஆல்ஃபா. ரெண்டாவது, குடல்ல சுரக்கிற ஒரு கிருமிக்கொல்லி. குடல் சுவர் சேதமானா ரத்தத்துல கசியும். செல் ஏத்தின 7ஆம் நாள் ரத்தத்துல இந்த ரெண்டையும் அளந்தாலே யாருக்கு ஆபத்து அதிகம்னு பிரிச்சுக் காட்டலாம்னு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு.

உடனே கை தட்டிடாதீங்க. அப்படி ஆபத்துன்னு தெரிஞ்சவங்களுக்கு ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின்னு ஒரு மருந்தை முன்கூட்டியே குடுத்துப் பார்த்தாங்க. 2020ல முடிவு வந்துச்சு: கடுமையான நோய் வர்றது குறையலை.

"அப்புறம் எதுக்குடா அந்த டெஸ்ட்? பயமுறுத்தவா?"ன்னு கேட்டான் என் ரூம்மேட்.

இங்கதான் என்னோட பி.காம் மூளை வேலை செஞ்சுது. கடன் வாங்கறவரை பேங்க் தரம் பிரிச்சுப் பார்க்குது. அதனால வாராக்கடன் திரும்பி வந்துடாது. ஆனா ஒழுங்காக் கட்டறவர்கிட்டயும் அதே கெடுபிடி காட்ட வேண்டியதில்லைன்னு தெரியும் இல்லையா? ஜிவிஹெச்டி வந்தா வழக்கமான முதல் மருந்து ஸ்டீராய்டு. சர்க்கரை ஏறும், தசை கரையும், தொற்று ஒட்டிக்கும். நோய் வந்தவங்கள்ல, அறிகுறியும் ரத்தப் பரிசோதனையும் ஆபத்து குறைவுன்னு சொன்னவங்களுக்கு ஸ்டீராய்டுக்குப் பதிலா சிரோலிமஸ் குடுத்துப் பார்த்த ஆய்வும் 2020லயே வந்துச்சு. கிட்டத்தட்ட அதே அளவு பலன், சர்க்கரைத் தொல்லை கம்மி.

என் கருத்து இதுதான். இந்தப் பரிசோதனையை அபாய மணியா மட்டும் பார்க்கிறது தப்பு. யாரைக் கடுமையான மருந்துல இருந்து தப்பிக்க விடலாம்னு சொல்றதும் பெரிய லாபம். அபாய வரிசையில நிக்கறவங்களுக்கு இன்னும் நல்ல மருந்து வேணும். அதை யார்கிட்ட சோதிச்சுப் பார்க்கணும்னு காட்டறதும் இதே 7ஆம் நாள் ரத்தம்தான்.

பேர் பதிஞ்சதுக்கு வருத்தம் இல்லை. நீங்க பதிஞ்சாச்சா? பின்னூட்டத்துல சொல்லுங்க.