மணவாளக்குறிச்சி மணலும் உங்க செல்போனும்

உங்க செல்போனுக்குள்ள கடுகைவிடச் சிறிய மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கில் இருக்கு. அவற்றில் பெரும்பாலானவை பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானால் ஆனவை. மின்காப்பு மாறிலி காற்றுக்கு சுமார் 1, டைட்டானியம் ஆக்சைடான ரூட்டைலுக்கு சுமார் 100. இந்தப் பீங்கானுக்கோ ஆயிரங்களில். மாறிலி கூடக்கூட, சின்ன இடத்தில் அதிக மின்னூட்டம் அடங்கும்.

அந்த டைட்டானியம் நம்ம குமரி மணலில் இருக்கு. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை இல்மனைட்டையும் ரூட்டைலையும் பிரித்து விற்கிறது. மின்தேக்கிகளை நாடு பெரும்பாலும் இறக்குமதி செய்கிறது.

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்க்கிறார்கள். கடலரிப்பு, கதிர்வீச்சு பயமெல்லாம் இவர்களுக்கு. தொழிலும் லாபமும் வேறெங்கோ என்றால் நியாயமா? கரையில் வாழ்பவர்கள் சம்மதிக்காமல் மணலைத் தொடக்கூடாது. சம்மதித்தால், மணலைப் பொருளாக்கும் வேலையும் இங்கேயே வரவேண்டும்.