பிராணவாயுவுக்கும் அளவு வேண்டும்

பிராணவாயுவை எவ்வளவு கொடுத்தாலும் நன்மையே என்ற எண்ணம், கொரோனா காலத்தில் சிலிண்டருக்காக வீதிவீதியாக அலைந்த நம் ஜனங்களின் மனத்தில் வேரூன்றிவிட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் குழந்தைகளின் இருதயத்தில் ரண சிகிச்சை நடைபெறும் கூடத்திலும் அது முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு இன்குபேட்டரில் பிராணவாயுவைத் தாராளமாக வழங்கியதன் விளைவாக, 1940-களிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். 1951-இல் மெல்போர்ன் நகரத்து டாக்டர் கேட் காம்ப்பெல் அதன் காரணத்தைச் சுட்டிக்காட்டிய பின்னர், அஞ்சிப்போய் பிராணவாயுவை ஒரேயடியாகக் குறைத்தார்கள். கண்கள் தப்பின, உயிர்கள் பல போயின. ஆகவே குறைத்துவிட்டால் போதும் என்று நான் வாதிக்க வரவில்லை.

இருதயக் கோளாறால் உடல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தையின் தமனி உதிரத்தில் பிராணவாயுவின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டியே நிற்பதுண்டு. மாதக்கணக்கில் அந்த வறுமையிலேயே பழகிய இருதயத் தசை, பிராணவாயுவின் உக்கிரத்தைத் தாங்கும் சக்தியிலும் குன்றியிருக்கிறது. இத்தகைய குழந்தையை, ரண சிகிச்சையின்போது இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இயங்கும் இருதய-நுரையீரல் யந்திரத்தோடு இணைத்த சில நிமிஷங்களுக்குள் அந்த அழுத்தம் 300, 400 என்று ஏறிவிடுமானால், ஃப்ரீ ராடிகல் எனப்படும் நிலைகொள்ளாத துகள்கள் பெருகி உயிரணுக்களின் சவ்வுகளையே தாக்குகின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் டாக்டர் ஜெரால்ட் பக்பர்க் குழுவினர் 1990-களில் பன்றிக்குட்டிகளைக் கொண்டு இதைக் காட்டினார்கள். அழுத்தத்தை இயல்பான அளவிலேயே நிறுத்தினால் குழந்தைகளின் உதிரத்திலும் இச்சேதத்தின் அறிகுறிகள் குறைகின்றன என்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் பிற்பாடு கண்டார்கள்.

யந்திரத்தருகே அமர்ந்து அதை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்டின் கைக்கெட்டும் தூரத்தில், காற்றும் பிராணவாயுவும் கலக்கும் விகிதத்தை நிர்ணயிக்கிற குமிழ் ஒன்று இருக்கிறது. அதைச் சற்றே திருகுவதற்குக் காலணாச் செலவில்லை. ஆபத்துக் காலத்தில் உதவுமென்று கூடுதல் பிராணவாயுவை உதிரத்தில் மிச்சம் பிடித்துவைக்கிறோம் என்பார் சிலர். அழுத்தத்தை 100-லிருந்து 400-க்கு உயர்த்தினாலும் 100 மில்லி உதிரத்தில் கூடுதலாகக் கரைவது சுமார் ஒரு மில்லி பிராணவாயுதான். ஹீமோகுளோபினோ அதற்கு முன்பே ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அந்த அற்ப சேமிப்புக்கு இவ்வளவு பெரிய விலை கொடுப்பானேன்?

குழந்தையின் உறவினரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. இருதயத்தின் ஒரே கீழறை உடலுக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து உழைக்கும்படி முதற்கட்ட சிகிச்சை செய்யப்பட்ட சிசுவுக்கு, ஆக்ஸிமீட்டரில் 75-இலிருந்து 85 சதவீதம் வரை தெரிவதே க்ஷேமம். எண் ஏறட்டும் என்று பிராணவாயுவைக் கூட்டினால், நுரையீரலின் நாளங்கள் விரிந்து, உடலுக்குச் சேரவேண்டிய உதிரத்தைத் தாமே இழுத்துக்கொள்கின்றன. 'ஏன் 100 வரவில்லை?' என்று தாயார் கண்ணீரோடு கேட்கையில், இதைப் பொறுமையாக எடுத்துரைப்பதும் சிகிச்சையின் அங்கமே.

உதிரம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினைக் குழந்தையின் எடை பார்த்துக் கணக்கிட்டு எழுதிவைக்கிறோம். அதற்குப் பக்கத்திலேயே, இந்தக் குழந்தைக்குப் பிராணவாயு இன்ன அழுத்தத்தில் தொடங்கி இன்ன வேகத்தில் ஏறலாம் என்றும், நெற்றியில் ஒட்டிய உணர்வி மூளையின் பிராணவாயு நிலை குறித்து எச்சரித்தால் உடனே எதை மாற்றுவது என்றும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்; அதை எழுதும்போது பெர்ஃபியூஷனிஸ்டும் உடனிருக்க வேண்டும்.