நாக்கின் தேசபக்தி

அயல்நாட்டில் குடியேறுகிறவன் உடையை மாற்றிக் கொள்வான். பாஷையையும் மாற்றிக் கொள்வான். நாக்கு மட்டும் இலேசில் மாறாது.

இங்கிலீஷ்காரருக்கு மார்மைட் என்று ஒரு பண்டம் உண்டு. பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கும், உப்புக் கரிக்கும் கரும்பசை அது. 1902 முதல் அங்கே தயாராகிறது. ரொட்டியில் வெண்ணெயின் மேல் துளி தடவி உண்பார்கள். சிறு வயதிலேயே பழகாதவர் முகத்தைச் சுளிப்பர்.

வைட்டமின் சேர்த்த உணவை விற்க அனுமதி பெறவேண்டுமென்று டென்மார்க்கில் 2004-ல் சட்டம் வந்தது. 2011-ல் அதைக் காட்டி, மார்மைட்டைக் கடையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அங்கு வாழ்ந்த இங்கிலீஷ்காரர் கொதித்துப் போனார்கள்.

ஒரு புட்டிப் பசைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நாம் சிரிக்கலாம். ஆனால், மாவடு ஜாடியை வேடு கட்டிப் பிள்ளையைச் சீமைக்கு அனுப்பிய தாயார் சிரிக்கமாட்டாள்.