சொந்தக் கதை, சோகக் கதை, சாட்சியம்

பெண்கள் மைக் பிடிச்சு ஊர்ப் பிரச்சினை பேச ஆரம்பிச்சா நம்ம ஆளுங்ககிட்ட ஒரு ரெடிமேட் விமர்சனம் உண்டு. "சொந்தக் கதை சோகக் கதை ஆரம்பிச்சாச்சு. புள்ளிவிவரம் இல்லை, தர்க்கம் இல்லை, ஒரே அழுகாச்சி." படிச்சவங்க இதையே கொஞ்சம் நாகரிகமா "எமோஷனலா பேசறாங்க"ம்பாங்க. எனக்கு இதுல துளிகூட உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்லணும்னா ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லியாகணும்.

ஃபேனி லூ ஹேமர். 1917-ல அமெரிக்காவோட மிசிசிப்பி மாநிலத்துல, வாரத்துக்குப் பயிர் செய்யற கறுப்பினக் குடும்பத்துல இருபதாவது பிள்ளையாப் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது சில வருஷம், மத்தபடி பருத்திக் காடுதான். கறுப்பினத்தவங்க ஓட்டுப் போட முடியும்ங்கற விஷயமே 1962 வரைக்கும் தனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கார்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 31-ந் தேதி, வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்க 17 பேரோட பஸ்ஸுல பக்கத்து ஊருக்குப் போனார். அங்கே எழுத்தறிவுத் தேர்வுன்னு ஒண்ணு வச்சு மாநில அரசியல் சட்டத்துல கேள்வி கேட்டாங்க. ஃபெயில். திரும்பி வரும்போது பஸ்ஸோட கலர் சரியில்லைன்னு டிரைவருக்கு அபராதம் (சிரிக்காதீங்க, நிஜம்!). 18 வருஷம் வேலை பார்த்த பண்ணையோட முதலாளி, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லேன்னா கிளம்புன்னுட்டார். அன்னிக்கு ராத்திரியே கிளம்பிட்டார் ஹேமர். அடுத்த வருஷம் ஜூன்ல ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பும்போது வினோனாங்கற ஊர்ல கைது. போலீஸ்காரங்க சொல்லி, ஜெயில்ல இருந்த கறுப்பினக் கைதிகளை வச்சே அவரை அடிக்க வச்சாங்க. சிறுநீரகமும் ஒரு கண்ணும் கடைசி வரைக்கும் சரியாகலை. அடிக்க வச்ச அதிகாரிகளை, முழுக்க வெள்ளைக்காரங்களா இருந்த ஜூரி அந்த வருஷக் கடைசியில விடுதலை பண்ணிடுச்சு.

1964 ஆகஸ்ட் 22. அட்லாண்டிக் சிட்டியில ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பி சார்பா வந்திருந்தது வெள்ளையர் மட்டுமே இருந்த குழு. 'எங்களை ஓட்டே போட விடாம தேர்ந்தெடுத்த இவங்க எப்படி எங்க பிரதிநிதி?'ன்னு கேட்டு, மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சின்னு ஒண்ணை ஆரம்பிச்சு இவங்களும் போனாங்க. யாருக்கு இடம்னு விசாரிக்கற கமிட்டி முன்னாடி ஹேமர் உட்கார்ந்தார். அதே விசாரணையில மார்ட்டின் லூதர் கிங்கும் பேசினார். ஆனா இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் ஞாபகம் வச்சிருக்கறது ஹேமர் பேசினதைத்தான்.

என்ன பேசினார்? இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கு. முதல்ல பேர். அடுத்து கதவு எண்ணோட வீட்டு விலாசம். அதே கவுண்டியிலதான் ஒரு செனட்டரும் இருக்கார்ங்கற தகவல். அப்புறம் தேதி, ஊர், பஸ், அபராதம். தன்னைக் குறிவச்சு, தான் தங்கியிருந்த வீட்டு மேல சுட்ட குண்டு எத்தனைன்னு (பதினாறு) எண்ணிக்கை. அதுக்கப்புறம்தான் ஜெயில்ல நடந்தது. கடைசியா இதுதான் அமெரிக்காவான்னு ஒரு கேள்வி.

எமோஷன் இல்லாம இல்லை, கண்ணு கலங்கித்தான் பேசறார். ஆனா கவனிச்சுப் பாருங்க, ஒவ்வொரு வாக்கியமும் சரிபார்க்கக்கூடிய வாக்கியம். 'எங்களைக் கொடுமைப்படுத்தறாங்க'ன்னு பொதுவாச் சொன்னா 'எதிர்த்தரப்பு நியாயம் என்ன'ன்னு கேட்டு முடிச்சிடலாம். தேதி, இடம், ஆளுன்னு சொன்னா பதில் சொல்லியாகணும். நாம தள்ளிவிடற 'சொந்தக் கதை' உண்மையில சாட்சியம். அவர் பேசினது பாடப்புத்தக ஆங்கிலமும் இல்லை, பருத்திக் காட்டு ஆங்கிலம். அடுக்குமொழிக்குக் கைதட்டிப் பழகின நமக்கு இது மேடைப் பேச்சாவே தெரியாது.

இதோட பலம் யாருக்கு உடனே புரிஞ்சுதுன்னா, ஜனாதிபதி லிண்டன் ஜான்சனுக்கு! ஹேமர் பேசிக்கிட்டு இருக்கும்போதே வெள்ளை மாளிகையில அவசரமா பத்திரிகையாளர்களைச் சந்திச்சார். டிவிக்காரங்க நேரலையை அங்கே மாத்தினாங்க. பெருசா ஏதோ சொல்லப் போறார்னு பார்த்தா, கென்னடி சுடப்பட்டு ஒன்பது மாசம் ஆச்சுங்கறதை நினைவுபடுத்தினார். ஆனா அன்னிக்கு ராத்திரி செய்தியில ஹேமரோட பேச்சைப் போட்டாங்க, இன்னும் நிறையப் பேர் பார்த்தாங்க.

அதனால ஜெயிச்சுட்டாங்களா? இல்லை. ரெண்டே ரெண்டு இடம் தர்றோம், அதுவும் யாருக்குன்னு நாங்க சொல்றோம்னாங்க. இவங்க வேண்டாம்னுட்டாங்க. எழுத்தறிவுத் தேர்வுக்கு முடிவு கட்டின வாக்குரிமைச் சட்டம் 1965-லதான் வந்தது. 1968 மாநாட்டுல மிசிசிப்பி பிரதிநிதியாவே போய் உட்கார்ந்தார் ஹேமர். ஒரு பேச்சு மட்டும் இதைச் செய்யலை. பின்னாடி ஒரு அமைப்பு இருந்தது. 'அந்த இடத்தை எங்களுக்குக் கொடு'ன்னு ஒரே ஒரு தெளிவான கோரிக்கை இருந்தது. முக்கியமா, எதிர்ல உட்கார்ந்திருந்த கமிட்டிக்கு முடிவெடுக்கற அதிகாரம் இருந்தது. ஜான்சன் பதறினதும் அதனாலதான்.

அந்தக் கடைசி விஷயம் இல்லேன்னா என்ன ஆகும்? அதுக்கு நம்ம மொழியிலயே உதாரணம் இருக்கு. இலங்கையில காணாமல் ஆக்கப்பட்டவங்களோட அம்மாக்கள். 2010-ல கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013-ல ஜனாதிபதி ஆணைக்குழு, 2016-ல சட்டம் போட்டு 2018-ல வேலை ஆரம்பிச்ச காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொண்ணுக்கும் போய் அதே கதையைச் சொன்னாங்க. 2009 மே மாசம், வட்டுவாகல்ல, ராணுவத்துக்கிட்ட என் கையால ஒப்படைச்சேன்னு. இவங்ககிட்டயும் தேதி இருக்கு, இடம் இருக்கு, கையில போட்டோ இருக்கு. ஹேமர் சொன்னதை விட இதுல ஒண்ணும் குறைச்சல் இல்லை. 2017 பிப்ரவரியில கிளிநொச்சியில ரோட்டோரம் உட்கார்ந்துட்டாங்க. பதில் கிடைக்காமலே செத்துப்போன அம்மாக்களும் உண்டு.

'இன்னும் நல்லாச் சொல்லுங்க, உலகம் கேட்கும்'னு இவங்ககிட்டப் போய்ச் சொல்ல முடியுமா? அவங்க சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. பதில் சொல்ல அதிகாரமும் கெடுவும் இல்லாம, ஒரு தாயை உட்கார வச்சுத் திரும்பத் திரும்பக் கதை கேட்கறது, என்னைக் கேட்டா, இன்னொரு வன்முறை.

வெளிநாட்டுல இருக்கற நமக்கும் இதுல பங்கு இருக்கு. நினைவுநாள் கூட்டத்துல ஒரு அம்மாவைப் பேசச் சொல்றோம், கண்ணைத் துடைச்சுக்கறோம், வடை சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போறோம். அடுத்த வருஷம் அதே அம்மா, அதே கதை. அதுக்குப் பதிலா, ஒரு தடவை ஒழுங்காப் பதிவு பண்ணுவோம், தேதி, இடம், பேர் விடாம, அவங்க வார்த்தையிலயே, அவங்க சம்மதத்தோட. அந்தப் பதிவைக் கையில வச்சுக்கிட்டு யார்கிட்ட என்ன கேட்கப் போறோம்னு முடிவு பண்ணுவோம். நாம இருக்கற தொகுதி எம்.பி.யோ செனட்டரோ, ஒரு பேர், ஒரு கோரிக்கை, ஒரு கெடு. கதை சொல்ற வேலையை அந்த அம்மாக்கள் முடிச்சுட்டாங்க. மிச்ச வேலை கேட்டவங்களோடது.

"அதெல்லாம் நடக்கற காரியமா"ன்னு கேட்கறவங்களும் தாராளமா வந்து பின்னூட்டத்துல சண்டை போடலாம். "எமோஷனலா எழுதியிருக்கே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க :-)